தன் ஆபீசுக்கே பூட்டுப் போட்ட கம்பெனி

ஒரு வீட்டுக்கடன் கம்பெனியைக் கொண்டே அதன் சொந்த ஆபீசை ஜப்தி செய்ய வைத்து, அதன் சொந்தப் பூட்டையே போட வைத்து, போலீஸ் காவலோடு அரக்குச் சீலும் வைக்கச் செய்தவன் நான். இதைச் சொன்னால் ஆம்பூரே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது, ஒரே வண்டியில் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து வாணியம்பாடி போனேன் என்றதற்கும் சிரித்தவர்கள்தான் இவர்கள். உண்மையில் அன்று நானூறு பேர். அடக்கம் கருதிக் குறைத்துச் சொன்னேன்.

சிரிப்பவர்களில் முதல் ஆள் எங்கள் தெரு சாந்தகுமார். மிஷன் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்ச் கமிட்டிச் செயலாளர். பொய்யே பேசாதவர் என்று பெயர். அவர் "அப்படி ஒண்ணும் நடக்கலைங்க" என்றால் போதும், தெரு மொத்தமும் எனக்கு எதிராகத் திரும்பிவிடும். ஆனால் அன்று என்ன நடந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அதுதான் வேடிக்கை.

ஓய்வுக்குப் பிறகு நான் கோர்ட்டு வளாகத்து இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டை. "குளிக்கறப்பவாவது அதைக் கழட்டி வைங்க" என்பாள் என் மனைவி கமலம். நான் கழற்றவில்லை.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஜெபகனி என்னைத் தேடி வந்தாள். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. ஷூ கம்பெனிகளுக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவள். வீட்டை அடமானம் வைத்துப் பின்னால் ஓர் அறை கட்டி, நாலு மெஷின் போட்டாள். போட்ட வேளை, வெளிநாட்டு ஆர்டர் நின்று போயிற்று. தவணை நின்றது. கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசியில் கோர்ட்டு உத்தரவே வந்துவிட்டது.

"அண்ணா, வர்ற வியாழக்கிழமை பூட்டப் போறாங்களாம். மெஷினைத் தூக்கிக்கினு எங்க போவேன்? வாடகைக்கு வீடு கேட்டா, தையல் சத்தம் கேக்கும்னு ஒருத்தனும் தர மாட்டேங்கறான்."

"என் கைல சொல்லிட்ட இல்ல? இனிமே அந்தக் கம்பெனிக்குத்தான் பேஜாரு" என்றேன்.

அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. இருந்த கொஞ்சமும் போயிற்று.

மையத்தில் வக்கீல் ஃபீபி இருந்தாள். என் மகள் வயசு. ஜெபகனி முதலில் கேட்டது, "ஃபீஸ் எவ்ளோம்மா ஆவும்?"

"பொம்பளைங்களுக்கு இங்க ஃப்ரீக்கா. உங்களுக்கு நாலு பங்களா இருந்தாலும் ஃப்ரீதான். பேப்பரைக் குடுங்க."

ஃபீபி ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தாள். உத்தரவோடு இணைத்திருந்த போட்டோவில் நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக்கு வெளியில மாடிப்படி இருக்கா?"

"மாடியே இல்லியேம்மா."

"நீலக் கலர் கேட்டு?"

"கேட்டே இல்ல. தட்டிதான்."

போட்டோவை என்னிடம் நீட்டினாள். வெளிப்படிக்கட்டு, நீலக் கேட்டு, மாடிக் கட்டடம். அடி ஓரத்தில் மங்கலாக, பாதி தெரிகிற மாதிரி, கத்திரிக்காய் தொக்குக் கிண்ணம் ஒன்று.

அந்தக் கிண்ணத்தை எனக்குத் தெரியாதா? ஜெபகனி வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கும் ரஷீத் பாய் பிரியாணிக் கடைக் கிண்ணம் அது. நேராக அவரிடம் போனோம். போட்டோவைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட, இந்த ஆளா! லோன் குடுக்கற முன்னால வீட்டை மதிப்புப் போட வந்தானே. அப்பதான் தம் உடைச்சேன். வாசனை புடிச்சதும் உக்காந்துட்டான். ரெண்டு பிளேட்டு. வீட்டைப் பார்க்க எழுந்தே போகலை. உக்காந்த எடத்துலருந்தே எதுத்தாப்புல போட்டோ எடுத்தான். வடக்கால இன்னா, தெக்கால இன்னான்னு கேட்டான். எதுத்த கட்டடத்தைக் கேக்கறான்னு நினைச்சு நானும் சொன்னேன்."

"எதிர் கட்டடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள் ஃபீபி. கேட்டுவிட்டு அவளே திரும்பிப் பார்த்தாள்.

அப்போது காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தைப் பிறகு வாடகைக்குப் பிடித்திருந்தது அதே கடன் கம்பெனிதான். அவர்களுடைய ஆம்பூர்க் கிளை! நான் சிரித்த சிரிப்பில் பிரியாணி அண்டா மூடி எகிறி விழுந்தது. ரஷீத் பாய் காற்று என்பார். நம்பாதீர்கள்.

ஃபீபி சிரிக்கவில்லை. சென்னையில் இருக்கும் கடன் தீர்ப்பாயத்துக்கு மனு அனுப்பினாள். அது விசாரணைக்கு வர நாளாகும். பூட்டு வருவதோ வியாழக்கிழமை. கம்பெனிக்கும் போன் செய்து, "உங்க பேப்பர்ல இருக்கறது எங்க கட்சிக்காரர் வீடே இல்ல" என்றாள். "எல்லாப் பார்ட்டியும் இதைத்தாம்மா சொல்லுது" என்று வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. வெயில் எப்படி? தார் ரோடு கொதித்துக் குமிழி விட்டது. கோர்ட்டு நியமித்த வக்கீல் கமிஷனர் ஒருவர், சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரி நவீன்குமார், கையில் புதுப் பூட்டு, கூடவே இருநூறு போலீஸ். தெருவே கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க எதிர் கிளையிலிருந்து மானேஜர் ஹேமந்த் முதல் பியூன் வரை எல்லோரும் கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கி வந்து நின்றார்கள். கம்பெனி பெயர் மாறியதால் பழைய போர்டைக் கழற்றியிருந்தார்கள். புது போர்டு வந்திருக்கவில்லை. நவீன்குமார் அதற்குமுன் ஆம்பூரை ரயிலிலிருந்துகூடப் பார்த்தவரில்லை.

ஜெபகனி தன் வாசலில் மெஷின் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஃபீபி கமிஷனரிடம் போனாள். "சார், உத்தரவுல இருக்கற சொத்தை மட்டும்தான் நீங்க எடுக்கலாம். போட்டோவையும் நாலு எல்லையையும் பார்த்துடுங்க."

கமிஷனர் படித்தார், வீட்டைப் பார்த்தார். "இது ஒத்துப் போகலையே?"

நவீன்குமாரின் காதில் போன். "ஒத்துப் போகலைன்னா எது ஒத்துப் போகுதோ அதைப் பூட்டுங்க சார். நான் அஞ்சு மணி ரயிலைப் பிடிக்கணும்." போட்டோவைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினார். "இதோ! நீலக் கேட்டு, மாடிப்படி. இதுதான்!"

ஹேமந்த் ஓடி வந்தான். "சார், அது வந்து... நான்..."

"யாரா இருந்தாலும் ஒதுங்குய்யா. கடன் வாங்கறப்ப இனிக்குது இல்ல?"

"இல்ல சார், நான் ஹேமந்த்..."

இந்த இடத்தில் என் கடமையை நான் செய்தேன். பஸ்ஸின் பின் படியில் நின்றபடி டிரைவர் காதுக்கு எட்டவைத்த குரலை எடுத்தேன். "தம்பி, வழிய உடு! உள்ள போ, உள்ள போ! கோர்ட்டு வேலை நடக்குது இல்ல?" பையன் பழக்க தோஷத்தில் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

பூட்டு விழுந்தது. அரக்கு உருகியது. சீல் வைத்தார்கள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம்.

"யாரு உள்ள?" என்றார் கமிஷனர்.

"நான்தாங்க, சாந்தகுமார். பாத்ரூம் போயிருந்தேன்."

சீலை உடைத்துத் திறந்தார்கள். மடித்த பேப்பரை அக்குளில் வைத்தபடி சாந்தகுமார் வெளியே வந்தார். மத்தியான வெயிலுக்குத் தினமும் அந்தக் கிளையில்தான் போய் உட்காருவார். டெபாசிட் வட்டி விசாரிப்பது போல ஏ.சி. காற்று, ஓசிப் பேப்பர். வீட்டில் மனைவி டாரத்தியிடம் சொல்லியிருந்தது, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஜெபம் பண்ணப் போகிறேன் என்று.

"சார், அது நம்ம பிராஞ்ச் சார்" என்று ஹேமந்த் ஒருவழியாகச் சொல்லி முடித்தான். நவீன்குமாரின் முகம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் மாதிரி வெளுத்தது.

அன்று சாயங்காலமே சாந்தகுமார் ஆரம்பித்துவிட்டார். "நானா? அங்கயா? சுந்தரமூர்த்தி சொல்றதைப் போய் நம்பறீங்களே!"

இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒரு கதை கிடைத்ததோடு சரி. ஆனால் கமிஷனர் அறிக்கை எழுதுவதற்குள் டெங்குவில் படுத்துவிட்டார். கம்பெனி அடுத்த வாரம் வேறு குரலில் பேசிற்று. லோக் அதாலத்தில் சமரசம் பேச உட்கார்ந்தபோது, கம்பெனி வக்கீல் சொன்னார்: "பேப்பர் எல்லாம் சரியா இருக்குங்க ஐயா. எங்க அதிகாரி எதையும் பூட்டவே இல்ல. திரும்ப வந்து வீட்டை எடுத்துக்கிறோம்."

ஜெபகனி என் கையைப் பிடித்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டு நடந்துதா இல்லையா, அதைச் சொல்லுங்க. உங்க ஆளே போட்டோ பார்த்து எதிர் கட்டடத்தைப் பூட்டினது நெசம்னா, இந்த உத்தரவு நிக்காது. முதல் நோட்டீஸ்லருந்து ஆரம்பிக்கணும். அதுக்குப் பதிலா இந்தம்மா கேக்கற தவணைய இன்னிக்கே ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டுடலாம்."

"நடந்திருந்தா போடறோம் ஐயா" என்றார் வக்கீல். தைரியமாகவே சொன்னார். போலீஸ்காரர்கள் டீக்கடையில் இருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். கிளை ஊழியர் வாய் திறக்கப் போவதில்லை. ரஷீத் பாய் அந்த நேரம் அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தார். வேடிக்கை பார்த்த தெருக்காரர்கள் கோர்ட்டு வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

"வெளி ஆள் யாராவது பார்த்தீங்களா?"

நான் துள்ளி எழுந்தேன். "நான் பார்த்தேன் ஐயா! ரெண்டாயிரம் பேர் கூடியிருந்தாங்க! இருநூறு போலீஸ்! சீல் வெச்ச அரக்கு மட்டும் ஒரு கிலோ!"

"ரெண்டாயிரமா?" நீதிபதி பேனாவை மூடினார். கம்பெனி வக்கீல் புன்னகைத்தார். ஃபீபி என் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அங்கிள், ஒரு வீடே போகப் போகுது. கம்முனு இருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் எனக்கே பாரமாக இருந்தது. ஜெபகனி என் கையை விட்டுவிட்டாள். திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். அவளுக்குத் துணையாக சர்ச்சிலிருந்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். நடுவில் டாரத்தி, பக்கத்தில் சாந்தகுமார்.

"ஐயா" என்றாள் ஜெபகனி அவரிடம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சாந்தகுமார் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"ஐயா, சுந்தரமூர்த்தி சொல்றதுல முக்காவாசி பொய்யிங்க. ரெண்டாயிரம் பேர் இல்ல, முப்பது பேர் இருப்பாங்க. போலீஸ் ரெண்டே பேர். அரக்கு ஒரு மெழுகுவத்தி அளவுகூட இருக்காது."

"பூட்டு?" என்றார் நீதிபதி.

"நீங்க எங்க இருந்தீங்க அப்போ?" என்று குறுக்கே பாய்ந்தார் கம்பெனி வக்கீல்.

டாரத்தி புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "இவர் ஆஸ்பத்திரிலங்க இருந்தாரு. தினமும் அந்நேரத்துக்கு ஜெபத்துக்குப் போவாரு."

சாந்தகுமாருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த ஹாலில் ஏ.சி. இல்லை.

"இல்ல டாரத்தி. நான் அந்த ஆபீசுக்கு உள்ள இருந்தேன்." அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "போட்டோவைப் பார்த்து இதுதான், இதுதான்னு அவங்க ஆளு கத்தினது பாத்ரூம் ஜன்னல் வழியா கேட்டுச்சுங்க. பூட்டு விழுந்த சத்தமும் கேட்டுச்சு. நடந்துச்சுங்க ஐயா. என்னை உள்ள வெச்சுத்தான் பூட்டினாங்க."