சீமாட்டி படுத்த மெத்தை

கைபேசி மறுபடியும் அடித்தது. க்ளெண்டா வாளியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். ராய்ஸ்டன்தான். வேறு யார்?

"மெத்தைய நனைச்சியா?"

"நனைச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீ கூப்பிடாம இருந்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன்."

"வெயிலு ஏற ஏற மறுபடி ஊத்தணும். காஞ்ச மெத்தையில போட்டா மீனு மேல இருக்கிற வழவழப்பெல்லாம் உரிஞ்சு போயிடும்."

"தெரியும், ராய்."

"தூண்டில எங்க போட்டிருக்க?"

"தண்ணியிலதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு மனம் குறுகுறுத்தது. பேசியிருக்கலாம். அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்ட பிறகு அவன் உலகம் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுருங்கிவிட்டது. கெட்டரிங் ஊர்ப் பேருந்துப் பணிமனையில் என்ஜினையே ஒற்றை ஆளாய்ப் புரட்டிப் போட்டவன், இப்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறான். தூண்டில் போட்டுப் பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும் இந்த ஏரிச் சங்கத்தில் இடம் கிடைக்க வருஷக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அவன் விட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மனைவி எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. "உன்பேர்ல இருக்கட்டும், க்ளென். நான் தேறி வர்ற வரைக்கும்" என்றான். அவன் தேறமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அவனுடைய சனிக்கிழமைகளைத் தின்ற இந்தக் குட்டையைக் காலமெல்லாம் சபித்தவள்தான், ஒரு மாதம் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம் என்று கிளம்பினாள்.

அந்த ஒரு மாதம் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. அதுதான் அவளைக் குடைந்தது. புதன்கிழமையே சனிக்கிழமைக்காக மனம் பரபரத்தது. அவன் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் இல்லாத இடம் இது. நாணலுக்குள் நீர்க்கோழி கத்தும், எங்கோ ஒரு கெண்டை துள்ளி விழும், அவ்வளவுதான். திருடிய ரொட்டியைத் தின்பவள்போல் அந்த அமைதியை அவசர அவசரமாக அனுபவித்தாள்.

மீனைக் கிடத்தி முள் எடுக்கும் இந்த மெத்தையை வாங்கியதிலேயே ஒரு சண்டை நடந்திருந்தது. ராய்ஸ்டனுடையது இரும்புச் சட்டமும் கால்களும் வைத்த பெரிய தொட்டில். மீனுக்கு அதைவிடச் சொகுசு கிடையாது. ஆனால் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டுப் பாதையில் தனியாக ஏற்ற அவளால் ஆகவில்லை. கடைக்காரனிடம் இருந்த மெத்தைகளையெல்லாம் வெளியே வாகனம் நிறுத்தும் இடத்துச் சரளைமேல் விரிக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் முட்டி போட்டுப் பார்த்தாள். "ஜெபம் பண்ணவா வாங்குறீங்க?" என்று அவன் சிரித்தான். ஒன்று மலிவு, முட்டியில் ஒவ்வொரு கல்லும் குத்தியது. ஒன்று பஞ்சுபோல் இருந்தது, ஆனால் தட்டை. துள்ளினால் மீன் தரையில்தான் விழும். கடைசியில் நாலு பக்கமும் நுரைச்சுவர் எழும்பிய ஒன்று, மீனை மூடப் போர்வைபோல ஒரு மடிப்பு வேறு. இரண்டாக மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் ராய்ஸ்டன் அதை அடுப்படித் தரையில் போட்டு இடது முஷ்டியால் குத்தினான். தரை தட்டுப்படவில்லை. இன்னும் பலமாகக் குத்தினான்.

"நீலத்துல ஏன் வாங்குன? பச்சை இல்லையா?" என்றான். வேறு குறை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவள் தேநீர்க் குடுவையைத் திறந்தபோதுதான் தூண்டில் கம்பில் மாட்டியிருந்த அலாரம் அலறியது.

கம்பு வில்லாய் வளைந்தது. பக்கத்துத் துறையில் இருந்த டாரன், கூரை வேலைக்காரன், ஊருக்கே கேட்கும் தொண்டை, கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். "இழுக்காதீங்க, ஓட விடுங்க! அது வேலைக்குப் போகுது, திரும்பி வரும்!" மீன் நாணலைப் பார்த்து ஓடியது, திரும்பியது, கரையோரம் ஆழத்தில் பிடிவாதமாக நின்றது. அவள் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒருவழியாக டாரன் வலையைத் தூக்கினான். உள்ளே பார்த்ததும் தொண்டை இறங்கிவிட்டது.

"க்ளெண்டா… இது அவதான்."

இடது விலாவில் ஒரே வரிசையாகப் பெரிய செதில்கள், மற்ற இடமெல்லாம் வெறும் தோல். சீமாட்டி. இந்த ஏரியிலேயே பெரிய கெண்டைக்கு இந்தப் பெயரை வைத்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ராய்ஸ்டன் கல்யாண நாட்களையும் மழைக்காலங்களையும் இவளுக்காகவே செலவழித்தவன். ஒருமுறை வலைக்கு ஒரு கை தூரத்தில் தூண்டில் முள் கழன்று போய்விட்டாள். மதுக்கடையில் அந்தக் கதை சொல்லும்போதெல்லாம் அவள் எடை கொஞ்சம் கூடும்.

க்ளெண்டா தானாகவே அவனைக் கூப்பிட்டாள்.

"ராய். சீமாட்டி."

"விளையாடாத."

"வலைக்குள்ள இருக்கா. தண்ணியிலதான் வச்சிருக்கோம்."

"விட்டுடாத! வர்றேன். பக்கத்து வீட்டு பெர்னார்ட் இருக்கான், கார எடுக்கச் சொல்றேன்."

"நீ வர முக்கால் மணி ஆகும். இந்த வெயில்ல…"

"பையில போட்டுத் தண்ணியில கட்டி வை. ஒண்ணும் ஆகாது."

இதைச் சொல்வது ராய்ஸ்டனா? ஒரு கோடையில் புகைப்படத்துக்காகக் கெண்டையைப் பையில் கட்டி வைத்திருந்த ஒருவனை, "மீனு என்ன உருளைக்கிழங்கா, மூட்டை கட்டி வைக்க?" என்று கேட்டு, அவன் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்வரை தலைமாட்டிலேயே நின்றவன்.

"ராய், நீயே சொல்லியிருக்க…"

"க்ளென். ஒரே ஒரு தடவ. நான் உன்கிட்ட வேற என்ன கேட்டேன்?"

ஆஸ்பத்திரியில்கூட அவன் இப்படிக் கெஞ்சியதில்லை. அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. கிளம்பிவிட்டான்.

டாரன் வேறெங்கோ பார்த்தான். "உங்க இஷ்டம். ஆனா தண்ணி இன்னைக்கு வெந்நி மாதிரி இருக்கு. வயசான உடம்பு."

அவள் இன்னொரு வாளித் தண்ணீரை மெத்தையில் ஊற்றினாள். கைகளை நனைத்துக்கொண்டாள். இருவருமாக வலையோடு தூக்கி, தாழ்த்தியே கொண்டுவந்து, நுரைச்சுவர்களுக்கு நடுவே சீமாட்டியைக் கிடத்தினார்கள். வாலால் ஒரே ஒரு அடி அடித்தாள், சுவர் தாங்கிக்கொண்டது. ஈர மடிப்பால் கண்ணை மூடியதும் அடங்கிவிட்டாள். முள் கீழுதட்டில் சுத்தமாக இறங்கியிருந்தது. குறட்டால் ஒரு திருகு, வந்துவிட்டது. க்ளெண்டா புண்ணில் மருந்தைத் தொட்டு வைத்தாள்.

அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். வயிறு ஒட்டிப்போய் இருந்தது. தலைக்குப் பின்னால் தோல், உடம்பு இளைத்தவன் போட்ட பழைய சட்டைபோலத் தொளதொளத்தது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கதைகளில் வந்த எடையில் பாதிகூடத் தேறுமா என்பது சந்தேகம். டாரனும் பார்த்துவிட்டான். தராசை எடுத்து நீட்டினான்.

"வேணாம்" என்றாள்.

"ஒரு படமாச்சும் எடுத்துக்கிறேன். அவருக்குக் காட்ட வேணாமா?"

அவள் இன்னொரு கை தண்ணீரை மீன்மேல் வார்த்தாள். முக்கால் மணி நேரம். பையில் இவள் தாங்கிவிடவும் கூடும். தாங்கினால் அவன் வந்து இந்த வற்றிய உடம்பைத்தான் பார்ப்பான். பார்க்காவிட்டால் க்ளெண்டாவைச் சாகும்வரை மன்னிக்கமாட்டான். தன்னைத்தான் காப்பாற்றுகிறாளா, அவனையா, மீனையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"வேணாம், டாரன். காலைப் பிடி."

"மீனுக்கு ஏது காலு?"

"மெத்தையோட கால் பக்கத்த, முட்டாளே."

தண்ணீர் விளிம்பில் மீனின் வயிற்றைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்திருந்தாள். செவுள் திறந்தது, மூடியது, திறந்தது. பிறகு கையில் கனம் இல்லை.

பெர்னார்டின் தோளைப் பிடித்துக்கொண்டு ராய்ஸ்டன் மேட்டுப் பாதையில் வந்தபோது வீட்டுச் செருப்பைத்தான் போட்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"எங்க?"

"விட்டுட்டேன்."

ஊன்றுகோலால் சரளையை ஓங்கி அடித்தான். வாய் ஒரு பக்கம் கோணியது. அவளுடைய நாற்காலியில் விழுந்ததுபோல் உட்கார்ந்தான். பெர்னார்ட் காரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவினான். டாரன் அடுப்பில் கெண்டியை வைத்து, எரியாத தீயை ஊதினான்.

"எடை?" என்றான் ராய்ஸ்டன்.

"போடல."

"படம்?"

"எடுக்கல. கை நடுங்குச்சு."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். அவை நடுங்கவில்லை. பிறகு ஏரியைப் பார்த்தான்.

"பெருசா இருந்தாளா?"

டாரன் ஊதுவதை நிறுத்தினான்.

"என்னால ஒத்தையில தூக்க முடியல, ராய்."

அவன் தாடை அசைந்தது. கோபமா வேறெதுவா, கோணிய முகத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "தல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவள் காட்டினாள். மெத்தையில் ஊற்றிய தண்ணீர் உலர்ந்து, மீனின் வழவழப்பு படிந்த இடம் மட்டும் இன்னும் பளபளத்தது. அவன் நாற்காலியிலிருந்து குனிந்து, இடது கையை விரித்து, தலை இருந்த இடத்திலிருந்து சாண் சாணாக அளக்க ஆரம்பித்தான். வால் பக்கத்தில் வெயில் அந்தப் பளபளப்பை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தது. க்ளெண்டா ஒரு அடி நகர்ந்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி நின்றுகொண்டாள்.