எங்கள் வீட்டுப் பிரம்ம கமலம்

1995 ஆடி மாதம், அந்தப் பூ விரிந்த இரவில் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி பிரமு, அவள் தம்பி மந்திரமூர்த்தி, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தும் கிருபைராஜ். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை.

என் தகப்பனார் 1938இல் பத்ரிநாத் யாத்திரை முடித்து ஒரு தொட்டிச் செடியோடு திரும்பினார். பிரம்ம கமலம் என்றார். பூத்தால் தெருவே தாம்பாளத்தோடு வந்து கும்பிடும். ஒரு கொப்புகூட வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது அவர் கட்டளை. இந்த ஜில்லாவில் வேறு எவரிடமும் இது இல்லை என்று நானும் சொல்லி வந்திருக்கிறேன்.

1995இல் வள்ளியூரில் மந்திரமூர்த்தி வீட்டிலும் அதே பூ பூத்தது. நர்சரியில் வாங்கியதாகச் சொன்னான். நான் நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது கைப்பையை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் செடியைத் துழாவினேன். ஓர் இலையின் அடியில் கத்தி பட்ட வடு இருந்தது. படித்தவர் முன்னிலையில் திருட்டை மெய்ப்பிக்க, அவனைத் தொட்டியோடு வரச்சொல்லி, கிருபைராஜையும் அழைத்தேன்.

கிருபைராஜ் டார்ச் அடித்து இரண்டு செடிகளையும் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“கேட்டியாலே?” என்றேன் மந்திரமூர்த்தியிடம்.

“பொறுங்க அத்தான், அவர் முடிக்கட்டும்.”

“இனம் ஒண்ணுங்கேன் சார். இப்போ நர்சரிக்கு நர்சரி கிடக்கு. எபிபில்லம்னு பேரு. கள்ளி.”

“கள்ளியா?”

“சப்பாத்திக்கள்ளி குடும்பந்தான். நாம இலைங்கது தண்டு. மொட்டு அதோட ஓரத்துலருந்து வருது பாருங்க. மெக்சிகோ பக்கம் காட்டு மரத்துல தொத்தி வளரும். இமயமலைப் பிரம்ம கமலம் சூரியகாந்தி குடும்பம். நம்ம வெக்கைய அது தாங்காது.”

வள்ளியூர் சாலையோரத்து முள்ளின் உறவுக்கு ஐம்பத்தேழு வருடம் சூடம் காட்டியிருக்கிறோம்!

“உமக்கு இவன் என்ன கொடுத்தான் வே?”

“வர்ற வழியில பஸ்ஸுல இந்தத் தொட்டிய என் மடியில கொடுத்தாக சார். வேற ஒண்ணும் தரல.”

“அப்போ இந்த வடு?”

பிரமு முன்னால் வந்தாள். “அழுகினத நான்லா அறுத்துப் போட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எந்தம்பியக் கள்ளனாக்கிட்டியளே!”

மந்திரமூர்த்தி சாப்பிடாமல் கிளம்பினான். கையைப் பிடித்து நானே இலைமுன் உட்கார வைத்தேன்.

பிறகு கிருபைராஜிடம் கேட்டேன்: “எங்கப்பா பொய் சொன்னாகளா?”

“திரும்பி வரும்போது கல்கத்தாவுல எவனாவது அந்தப் பேரச் சொல்லி வித்திருப்பான் சார். இப்பவும் அப்படித்தான் விக்குதான்.”

என் தகப்பனாரை ஒருவன் ஏமாற்றினான் என்று ஒப்புக்கொண்டால்தான் அவர் பொய்யர் ஆகமாட்டார். ஒப்புக்கொண்டேன். மறுநாள் இரவு அடுத்த மொட்டு விரிந்தது. தாம்பாளத்தோடு வந்தவர்களிடம் வாசலில் நின்று, இது பிரம்ம கமலம் அல்ல, கள்ளி என்று நானே சொன்னேன்.

என் தகப்பனார் பத்ரிக்கே போகவில்லை என்று இப்போது தெருவில் பேசுகிறார்கள். போனார். செடி அங்கிருந்து வரவில்லை.