கிழக்கு ஜன்னலில் சன் ஃபிலிம்

பாலைவன நகரமான டூசானில் மே மாதம் பிறந்துவிட்டால் சமையலறையின் கிழக்கு ஜன்னலே ஓர் அடுப்பாகிவிடும். இந்த ஆண்டு ஆள் வைக்காமல் தானே சன் ஃபிலிம் ஒட்டிவிடுவது என்று வெர்ன் முடிவு செய்தார். கடையில் இருந்தவற்றிலேயே வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும் ரகமாகப் பார்த்து ஒரு சுருள் வாங்கி வந்தார். அந்த ஜன்னலில் வேலை தொடங்கியது. மனைவி லோரெட்டா நாற்காலிமேல் ஏறி நின்று மேல் முனைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இழுத்துப் பிடி. மடிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா குப்பைக்குத்தான் போகணும்."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். நீ பேசாம தண்ணியை அடி."

"உள்ளே ஒரு முடி மாட்டிக்கிச்சு பாரு. உன்னோடது."

"என்னோடதாத்தான் இருக்கும். உனக்குத்தான் தலையில ஒண்ணுமே இல்லையே."

குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த தண்ணீரில் ஃபிலிம் மீன்போல வழுக்கியது. அதை நகர்த்தி இடம் பார்த்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினார் வெர்ன். ஓரங்களை பிளேடால் வெட்டி முடித்தபோது இரண்டு குமிழிகளும் ஒரு நரைமுடியும் மட்டும் உள்ளே தங்கிவிட்டன. சமையலறை குளிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லைப்புறம் அந்திவெளிச்சத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

"வெளியே எல்லாம் அப்படியே தெரியுதே!" என்றாள் லோரெட்டா. வெளியே போய்ப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கொல்லைப்புறம் யுசேபியோவுடையது. அவருடைய மனைவி அம்பாரோ இறந்த வாரம் லோரெட்டா அவரிடம், "தினமும் காலையில இங்கே நின்னு உங்க காப்பிக் கப்பைத் தூக்கிக் காட்டணும். காட்டலைன்னா கதவை உடைச்சுக்கிட்டு வந்துடுவேன்" என்று மிரட்டியிருந்தாள். அன்றுமுதல் அவர் மதிலோரம் நின்று கப்பைத் தூக்குவார். ஜன்னலுக்குள் அவளும் தூக்குவாள். ஆல்புகெர்க்கியிலிருந்து மகன் ரோஹேலியோ தன்னோடு வந்துவிடும்படி போனில் நச்சரிக்கும்போதெல்லாம், "எதுக்குடா? என்னை தினமும் பார்த்துக்க டீச்சர் இருக்காங்க" என்று அவர் சொல்லிச் சிரிப்பது மதிலைத் தாண்டிக் கேட்கும். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வதால் அவள் அவருக்கு டீச்சர்.

ஃபிலிம் ஒட்டிய மறுநாள் காலை யுசேபியோ வழக்கம்போல வந்தார். லோரெட்டா கப்பைத் தூக்கினாள். அவர் தூக்கவில்லை. நெற்றியில் கையை வைத்து ஜன்னலை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. சில நாளில் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

"நீ அவர் நாயைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நல்ல நாய்னு சொன்னேன். அது குத்தமா?"

மனம் வலித்தது. தன்மேல் என்ன கோபம் என்று அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். ஆனால் இரவு ஜெபத்தில் அவருடைய பெயரை ஒருநாளும் விட்டதில்லை. அந்த ஜெபம் பொய்யல்ல. அதோடு மதிலைச் சுற்றிப் போய் ஒரு கதவைத் தட்டவும் வேண்டியிருந்தது. அதற்கான கால்களை ஆண்டவர் அவளுக்கே கொடுத்திருந்தார்.

ஜூன் மாதம் யுசேபியோவின் வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது. சில வாரங்களில் அதன்மேல் 'விற்கப்பட்டது' என்று ஒட்டினார்கள். அன்று காலைதான் சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

"வாங்க டீச்சர். உட்காரச் சொல்ல இந்த நாற்காலிதான் பாக்கி."

"என்ன யுசேபியோ இது? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலாம்னா ஆளைப் பார்க்கணுமே. நீங்கதான் ஜன்னலை மூடிட்டீங்களே."

"நான் எங்கே மூடினேன்?"

யுசேபியோ அவளைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், தான் நிற்கும் இடத்தில் நிறுத்தினார். அவளுடைய சமையலறை ஜன்னல் இருந்த இடத்தில் ஃபிலிம் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியாக நின்றது. அதற்குள் ரொட்டித் தட்டோடு அவளே நின்றிருந்தாள். பின்னாலிருந்த காலைச் சூரியன் கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணில் குத்தியது. நெற்றியில் கையை வைத்து, ஒரு கணம் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, நான் உள்ளேதான் இருந்தேன்! தினமும் கப்பைத் தூக்கினேன். நீங்கதான் மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனீங்க."

"கண்ணு கூசுச்சு டீச்சர். இந்தக் கிழவன் தொல்லை போதும்னு நினைச்சுட்டீங்கன்னு எண்ணிக்கிட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

"வந்து கேட்டிருக்கலாமே?" என்றாள் அவள்.

"ஆமா. கேட்டிருக்கலாம்." அதே கேள்வியை அவர் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"வெர்னை இப்பவே அதை உரிக்கச் சொல்றேன். வீட்டை வாங்கினவங்ககிட்ட நான் பேசறேன். ரோஹேலியோகிட்டயும் பேசறேன்."

"வேண்டாம் டீச்சர். அவன் எனக்குன்னு ஒரு ரூமுக்கு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கான். சின்னப் பேத்தி கதவுல என் பேரை எழுதி ஒட்டியிருக்காளாம். இனிமே நான் போகலைன்னா அந்தக் குழந்தை மனசு என்னாகும்?"

லோரெட்டா உள்ளே வந்து, அம்பாரோவின் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். அவர் ரொட்டியைப் பிட்டு, நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

"ஆல்புகெர்க்கியில பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

"தெரியலை. யாரோ தனியா இருக்கற அம்மாவாம்."

"போன அன்னிக்கே போய்க் கதவைத் தட்டுங்க. அவங்களா வரட்டும்னு நிக்காதீங்க. நிப்பீங்களா?"

"மாட்டேன் டீச்சர்."

செய்தித்தாள் அவள் கையில் நனைந்து கிழிந்தது. அவர் பார்க்காததுபோல வேறொரு தாளை எடுத்து நீட்டினார்.