முடிச்சுப் போடாத சிட்டம்

கொக்கியில் தனியாகத் தொங்கிய அந்த நூல் சிட்டத்தைப் பார்த்ததும் சோதனைக்காரி அதன் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பாலியஸ்டர் நூல். சீட்டில் போன மாத லாட் எண். நுனியில் முடிச்சு இல்லை.

காகித இயந்திரங்களுக்குத் துணிப்பட்டை நெய்யும் அந்த ஆலையின் ஆய்வகத்தில் வழக்கம் ஒன்றுதான். அடுப்பில் சுட்டு நீளம் அளந்த சிட்டத்துக்கு உடனே ஒரு முடிச்சு. முடிச்சில்லாதது சூடு காணாதது. மற்றபடி இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

போன மாதம் இந்த லாட் முதல் சோதனையில் நூற்றுக்கு ஒன்பது சுருங்கியது. மூன்றைத் தாண்டக் கூடாது.

"ஒம்பதா? கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாரும்மா. எதுக்கும் வேற சிட்டம் ஒண்ணு போட்டுப் பாரு" என்றார் மேலாளர்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போனில் கூப்பிட்டான். சுட்ட சிட்டத்துக்கு முடிச்சுப் போட மறந்து, பேச்சுவாக்கில் கைக்கு வந்ததை அடுப்பில் வைத்தாள். அரை சதவீதம்கூடச் சுருங்கவில்லை. தேறியது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வேறு சிட்டம் இதோ, தொங்குகிறது. அன்று அவள் இரண்டு முறையும் சுட்டது ஒரே சிட்டத்தை. ஒருமுறை சுருங்கித் தீர்ந்த நூல் மறுபடி எங்கே சுருங்கும்?

மனசு கேட்காமல் அதையும் அடுப்பில் வைத்தாள். அரைமணி கழித்து அளந்தாள். ஒன்பதரை.

அந்த நூலில் நெய்த பட்டை ஒன்றை, தம்பி வேலை பார்க்கும் காகித ஆலையில் உலர்த்தும் இயந்திரத்துக்கு இன்று காலைதான் மாட்டியிருந்தார்கள். அவனைப் போனில் பிடித்தாள்.

"என்னக்கா, வேலை நேரத்துல? சீட்டக் கிழிச்சிட்டாங்களா?"

"புதுப் பட்டை ஓடுதாடா?"

"ஜோரா ஓடுது. காலையில தொளதொளன்னு இருந்துச்சு. சூடு ஏற ஏறத் தானா இறுக்கிக்கிச்சு. கேளேன், பாட்டு வேற பாடுது."

போனில் மெல்லிய கீச்சொலி கேட்டது. கேட்கக் கேட்க அதன் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று.

"நீ எங்க நிக்கிற?"

"ரோலர் பக்கத்துலதான். வேற எங்க நிப்பேன்?"

"விலகிப் போ. ஃபோர்மேன்கிட்டச் சொல்லி நிறுத்து."

"அந்த ஆளா? சர்டிபிகேட் இருக்குல்லன்னு என்னைக் கடிச்சுத் துப்பிடுவாரு."

"அதுல கையெழுத்துப் போட்டவளே தப்புன்னு சொல்றான்னு சொல்லு. போடா."

அவன் போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடியது கேட்டது. கீச்சொலி ஊசிமாதிரி காதில் இறங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா." தம்பியின் குரலில் விளையாட்டு போயிருந்தது. "நிறுத்தியாச்சு. ரோலர் வில்லா வளைஞ்சு நிக்குது. போல்ட் ஒண்ணு பிச்சுக்கிட்டு, நான் சாஞ்சு நிப்பேனே, அந்தக் கம்பிய உடைச்சிருக்கு."

அவள் போனை வைத்தாள். சரக்கு அனுப்பும் பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள். அந்த லாட்டில் பன்னிரண்டு பட்டைகள். ஒன்று நின்றுவிட்டது. மற்ற பதினொன்றும் பதினொரு ஆலைகளுக்குப் போயிருந்தன, அவள் கையெழுத்தோடு.

முதல் ஆலையின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.