சுவாமி பேரில் ஒரு டாட்காம்

நெடுந்துறையில் தேர் ஓடி வெகு காலமாயிற்று. வடத்தை முதலில் தொடுவது வடக்குத் தெருவா தெற்குத் தெருவா என்று வழக்கு. சென்னை வரைக்கும் போய், தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிவந்தார்கள். தற்போதைய நிலையில் தேர் தகரக் கொட்டகைக்குள் நின்றது. நீடித்தது.

வடக்குத் தெரு ஆற்றை ஒட்டிய ஐயர் தெரு. தெற்குத் தெரு சைவப் பிள்ளைமார் தெரு. பூதலிங்கம் இரண்டிலும் சேராத கீழத் தெருக்காரர், பத்திர எழுத்தர். இரண்டு தெருக்காரர்களின் கிரயமும் பாகப்பிரிவினையும் அவர் கையால் எழுதியவை. அதனால் இரண்டு தெருவும் அவரை நம்பின. அதே காரணத்துக்காகச் சற்றுப் பயப்படவும் செய்தன.

தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவது அவர் குடும்பத்து உரிமை. அப்பா இறந்து உரிமை அவர் கைக்கு வந்த வருஷம் வழக்கு வந்தது. ஓடாத தேரை நிறுத்த முடியாது. புளியங்கட்டை இரண்டும் வீட்டுக் கூடத்தில் கிடந்தன. ஒரு தடவையாவது கட்டை போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வேறு ஆசை எதுவும் இல்லை. ஆகவே இது பெரிதாக இருந்தது.

1999 தொடக்கத்தில் ஊருக்கு டாட்காம் வந்தது.

வடக்குத் தெருவில் கோபாலசுப்பிரமணியன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மகன் ஸ்ரீவத்ஸனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஊர்ப் பேரில் இன்டர்நெட்டில் ஒரு முகவரி வாங்கப்போவதாக மகன் போனில் சொன்னதை அப்பா காப்பிக் கடையில் சொன்னார். காப்பி ஆறுவதற்குள் தெற்குத் தெரு ஆவுடைநாயகம் பிள்ளை, பூதலிங்கத்தின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"ஊர்ப் பேரை ஒருத்தன் அமெரிக்காவுல உக்காந்து தன் பேருக்குப் பட்டா போடுதான். நீரு இங்கன வில்லங்கம் பாத்துக்கிட்டு இருக்கீரு."

"பட்டா இல்ல அண்ணாச்சி. முகவரியாம்."

"உலகத்துக்கே ஒண்ணுதானாமே?"

"ஒண்ணுதானாம்."

"முதல்ல கேக்கவனுக்குக் கொடுத்திருவானாமே?"

"அதான் அங்க சட்டமாம்."

"அது என்னவே சட்டம்? பஸ்ஸுல துண்டு போடுத மாதிரி."

பிள்ளை சும்மா இருக்கவில்லை. மருமகனை விட்டு மும்பையில் விசாரித்தார். நாட்டின் பெயரில் முடியும் முகவரிகளை அங்கே கொடுத்தார்கள். கம்பெனிப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். நெடுந்துறை கம்பெனியாகப் பதிவாகியிருக்கவில்லை. டாட்காம்தான் மிச்சம்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வடக்குத் தெரு தூணோரமாக உட்கார்ந்தது. தெற்குத் தெரு எதிர்த் தூணோரமாக உட்கார்ந்தது. பூதலிங்கம் நடுவில் நின்றார்.

"கோயில் நிலம் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

"சாமி பேர்ல" என்றது ஒரு தூண்.

"தோப்பு?"

"சாமி பேர்லதான் ஓய்" என்றது மறு தூண்.

"அப்போ இதுவும் சாமி பேர்ல இருக்கட்டும்."

இதை எதிர்க்க இரண்டு தெருவிலும் ஆளில்லை. சுவாமியை எதிர்த்ததாகிவிடும். இந்த ஊரில் இரண்டு தெருவும் சேர்ந்து தலையாட்டிய விஷயம் வேறு எதுவும் பூதலிங்கத்தின் நினைவில் இல்லை. சூட்டோடு சூடாகத் தேர்ப் பேச்சை எடுத்தார்.

"முதல்ல இது ஒழுங்கா நடக்குதான்னு பாப்போம். பெறகு தேரைப் பேசலாம்" என்றார் பிள்ளை. கோபாலசுப்பிரமணியனும் அதில் தவறில்லை என்றார். பூதலிங்கம் அன்று வீட்டுக்குப் போய்க் கட்டைகளுக்கு எண்ணெய் தடவினார்.

ஸ்ரீவத்ஸன் விண்ணப்பித்தான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தது. முதற்பெயர் அருள்மிகு. குடும்பப் பெயர் நெடுந்துறைநாதர். பெயர் பதிவாகிவிட்டது. கோபுரத்தின் போட்டோ ஒன்றையும் அவன் ஏற்றிவைத்தான்.

அடுத்தது தபால் பெட்டி. பதிவுதாரருக்கு ஒரு ஈமெயில் வேண்டும், அதற்கு ஒரு ரகசியச் சொல் வேண்டும் என்றான். ரகசியம் எந்தத் தெருவிடம் இருப்பது என்று கேள்வி வந்தது. பூதலிங்கம் இதற்கும் கோயிலில் வழி பார்த்தார். சுவாமியின் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டு, தெருவுக்கு ஒரு சாவி. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் இரண்டு சாவிக்காரர்களும் வந்தால்தான் திறக்கும். ரகசியச் சொல்லையும் அப்படியே பாதி பாதியாக வைத்தார்கள். முன்பாதி கோபாலசுப்பிரமணியன். பின்பாதி பிள்ளை.

"முன்பாதி அவருக்குன்னா முதல் மரியாதை அவருக்குல்லாவே" என்றார் பிள்ளை.

"பூட்டு திறக்கது கடைசிச் சாவியிலதான அண்ணாச்சி."

பிள்ளை யோசித்தார். ஒப்புக்கொண்டார்.

அப்படியாகப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் காலையில் மூவரும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். அங்கே சுப்ரஜா என்ற பெண் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தாள். கோபாலசுப்பிரமணியன் தட்டும்போது பிள்ளை சுவரைப் பார்த்து நிற்பார். பிள்ளை தட்டும்போது கோபாலசுப்பிரமணியன் நிற்பார். பூதலிங்கம் இரண்டு தடவையும் நிற்பார். பிள்ளை ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். தட்டும்போது வாய் சும்மா இருக்காது. கோமு, கோமு என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டே தட்டுவார். அது அவர் மனைவி பெயர். ஊரில் அவர் அந்தப் பெயரை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பெட்டி திறக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. மூடிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள்.

ஆனி மாதத்துப் பிரதோஷம் ஒன்றில் கடிதம் இருந்தது. சுப்ரஜா வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"அன்புள்ள திரு. நெடுந்துறைநாதர் அவர்களுக்குன்னு போட்டிருக்கு."

"மேல சொல்லும்மா" என்றார் பூதலிங்கம்.

சென்னையில் நெடுந்துறை அப்பளம் என்று ஒரு கம்பெனி. பெயருக்கு வர்த்தக முத்திரைச் சான்று வைத்திருந்தது. முகவரி தனக்குச் சேர வேண்டும் என்று அமெரிக்காவில் பெயர் பதியும் ஆபீசுக்கு எழுதிவிட்டது. இந்தக் கடிதம் அந்த ஆபீசிலிருந்து வந்தது. திரு. நெடுந்துறைநாதர் அந்தச் சான்றுக்கு முந்திய தேதியிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்திவருவதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பதிவுதாரரின் ஈமெயிலிலிருந்து வரும் பதில்தான் செல்லும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் பெயர் பறிபோகும். கடிதம் வந்து கொஞ்ச நாளாகியிருந்தது.

"அப்பளத்துக்குச் சான்று எப்போ கொடுத்தான்?" என்றார் பிள்ளை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு."

"சாமி எப்போலேர்ந்து இருக்காருன்னு எழுதணும்?"

"தேதி கேட்டிருக்கான் சார்."

"சுயம்புன்னு எழுதும்மா."

"வருஷம் வேணுமாம்."

கோபாலசுப்பிரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கர்ப்பகிரகத்து வடவண்டைச் சுவர்ல பாண்டியன் கல்வெட்டு இருக்கு. சுவாமி பேர் தெளிவாவே இருக்கு. நான் படி எடுத்து இங்கிலீஷ்ல எழுதித் தரேன். எப்படிப் பார்த்தாலும் எழுநூறு வருஷம்."

"அப்பளம் நமுத்துப் போயிரும்" என்றார் பிள்ளை.

இருவரும் சிரித்தார்கள். பூதலிங்கம் அதைக் கவனித்துக்கொண்டார். அடுத்த பிரதோஷத்தன்று அனுப்புவதாக முடிவாயிற்று. அதுதான் கடைசி நாளும்கூட.

அந்த நாளன்று கோபாலசுப்பிரமணியன் படியோடு வந்தார். பிள்ளை வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. மத்தியானம் கழிந்தது.

"அப்பளக் கம்பெனிக்காரன் யாருன்னு பிள்ளைவாளுக்குத் தெரிஞ்சுபோச்சு போலிருக்கு" என்றார் கோபாலசுப்பிரமணியன்.

"யாரு சார்?"

"என் சித்தப்பா பேரன்."

பூதலிங்கம் அவரைப் பார்த்தார்.

"பேச்சுவார்த்தை கிடையாது ஓய். முப்பது வருஷமா அவா அப்பளம் நம்மாத்துல பொரிச்சதில்லை."

சுப்ரஜா பைய எழுந்து பூதலிங்கத்தின் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளை சார் வாய்விட்டுத்தான் தட்டுவாரு. எனக்கே தெரியும். போட்டுறட்டுமா?"

பூதலிங்கத்துக்கும் தெரியும். அவர் கோபாலசுப்பிரமணியனைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது ஓய். தெரிஞ்சாலும் தெரியாது. நீர் என்ன பண்ணினாலும் நான் பார்க்கலை."

ஒரு நிமிஷ வேலை. பெயர் தங்கிவிடும். ஆனால் பிள்ளை இல்லாமல் பெட்டி திறந்தது என்றைக்காவது தெரியவரும். அதன்பிறகு தேரைப் பற்றி அந்த ஊரில் யாரிடமும் யாரும் பேச முடியாது. பெயர் போனால் தெற்குத் தெரு ஒரு சாவியை நம்பி ஏமாந்ததாகாது. பெட்டியைத் திறந்தால் ஆகும்.

"வேண்டாம் தாயி" என்றார். பஸ் பிடிக்கப் போனார்.

பிள்ளை களத்தில் நெல் காயப்போட்டிருந்தார். கோழி விரட்ட ஒரு நீளக் கம்பு கையில் இருந்தது. பூதலிங்கத்தைக் கண்டும் கம்பைக் கீழே போடவில்லை.

"வாரும். அப்பளம் பொரிக்கச் சொல்லவா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"சித்தப்பா பேரனாம்லா. ஐயரு இங்கன கல்வெட்டு படிக்காரு, அங்கன பங்காளி சான்று வாங்குதான். சொல்லிவச்சு அடிக்கானுவ. நாம சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கோம்."

"பேச்சுவார்த்தை இல்லேங்காரு."

"சொத்துன்னா பேச்சு தன்னால வரும்வே. உமக்குத் தெரியாதா? நீரு எழுதாத பத்திரமா?"

அது உண்மைதான். பூதலிங்கம் களத்து வரப்பில் உட்கார்ந்தார்.

"சரி அண்ணாச்சி. நீங்க வரலைன்னா பேரு யாருக்குப் போகும்?"

"அப்பளக்காரனுக்கு."

"அவன் எந்தத் தெரு?"

பிள்ளை கோழியை விரட்டினார். கோழி தூரத்தில்தான் இருந்தது.

"நீங்க வராம இருந்தா, வடக்குத் தெருவுக்கு மொத்தமா எழுதிக் கொடுத்த மாதிரி" என்றார் பூதலிங்கம். "வந்து தட்டினா, கொடுக்கலைன்னு ஆகும்."

"அந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு என் பாதி தெரியும். உமக்கும் தெரியும். எனக்கென்ன காது கேக்காதா, நான் சத்தமாத்தான் தட்டுதேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீங்களே திறந்திருக்கலாம்லா?"

"திறக்கலை."

பிள்ளை கம்பைக் கீழே வைத்தார். பொழுது சாய்ந்துவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் மூவரும் போனார்கள். கோபாலசுப்பிரமணியன் ஜன்னலோரம், பிள்ளை எதிர் ஜன்னலோரம்.

"நாள் நேத்தோட முடிஞ்சுபோச்சேம்மா" என்றார் பூதலிங்கம்.

சுப்ரஜா கடையைத் திறந்துகொண்டிருந்தாள். "அங்கன இன்னும் நேத்து ராத்திரிதான் அண்ணாச்சி."

"அமெரிக்காக்காரன் இன்னும் நேத்தைக்கா உக்காந்திருக்கான்?" என்றார் பிள்ளை. அமெரிக்கர்கள்மீது அவருக்கு அன்றைக்கு முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது.

கோபாலசுப்பிரமணியன் தட்டினார். பிள்ளை சுவரைப் பார்த்தார். பிள்ளை தட்டினார். கோமு, கோமு. இந்தத் தடவை யாரும் கேட்காததுபோல் மற்ற மூவரும் இருமினார்கள். கல்வெட்டு போய்ச் சேர்ந்தது.

பதில் ஆவணியில் வந்தது. திரு. நெடுந்துறைநாதரின் ஆதாரம் கிடைத்தது. கல்வெட்டு வர்த்தக முத்திரை ஆகாது. ஆனால் பதில் காலத்துக்குள் வந்திருப்பதால் பெயரை அப்பளத்துக்கும் கொடுக்க முடியாது. இரு தரப்பும் சமாதானமாகும்வரை, அல்லது கோர்ட்டு ஒன்று தீர்ப்புச் சொல்லும்வரை, பெயர் யாருக்கும் இல்லாமல் நிறுத்திவைக்கப்படுகிறது. கோபுரத்தின் போட்டோ இனித் தெரியாது.

சுப்ரஜா வாசித்து முடித்துத் தயக்கத்தோடு அவர்களைப் பார்த்தாள்.

"ஸ்டே" என்றார் பிள்ளை.

"ஸ்டேட்டஸ் கோ" என்றார் கோபாலசுப்பிரமணியன்.

இருவர் முகத்திலும் தெளிவு வந்தது. இதுவரை இன்டர்நெட் என்பது அவர்களுக்குப் புரியாமல்தான் இருந்தது.

"நம்ம தேர் வக்கீல்ட்டயே கொடுப்போமா?" என்றார் பிள்ளை.

"அவருக்கு இங்கிலீஷ் நன்னா வரும். ஆனா அவர் உங்க தெரு வக்கீலாச்சே."

"உங்க ஆளும் வரட்டும். ரெண்டு பேருமா சேந்து போடட்டும். சாமிக்கு ரெண்டு வக்கீல் வச்சா என்ன குறைஞ்சா போச்சு?"

தேநீர் வந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள். அப்பளக்காரனின் தாத்தா ஊரைவிட்டுப் போன கதையை ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார். பூதலிங்கம் அவர்கள் டம்ளரைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று அவருக்குப் பட்டது.

"அப்போ தேரைப் பேசலாமா?" என்றார்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ஓய் அவசரம்?" என்றார் கோபாலசுப்பிரமணியன்.

"முதல்ல இது முடியட்டும்வே" என்றார் பிள்ளை. "ரெண்டு தெருவும் இப்பத்தான் ஒத்துமையா ஒரு வழக்கு நடத்தப் போறோம். நடுவுல தேரை இழுத்துக் கெடுக்காதீரும்."

கோபாலசுப்பிரமணியன் ஆமாம் என்று தலையாட்டினார்.

பெட்டியை மூட வேண்டியிருந்தது. சுப்ரஜா மூடினாள். அடுத்த பிரதோஷம் என்றைக்கு என்று பிள்ளை கேட்டார். பூதலிங்கம் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.