காவல் சர்வரில் விழுந்த ஓட்டை

“மூணு வாரத்துக்கு முன்னாடியே அந்த மெயில உங்களுக்கு அனுப்பினேனே மச்சான். பாக்கலையா?”

“நீங்க அனுப்புறதெல்லாம் ஜோக்குன்னு நெனச்சு விட்டுட்டேன் மாப்ள.”

“அது என் தப்புதான். நாலு வருஷமா ஜோக்கா அனுப்பினா யாருதான் தெறந்து பாப்பாங்க?”

மாப்பிள்ளை சிரித்தார். ஆஸ்பத்திரியின் சாமான் கிடங்கு அவர் பொறுப்பு. கையுறைப் பெட்டிகளுக்கும் குளுக்கோஸ் பாட்டில்களுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, அவர். எதிரே ஸ்டூலில் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். அதே ஆஸ்பத்திரியின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர். எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்பதால் டாக்டர்கள் முதல் தரை துடைப்பவர்கள் வரை அவரைப் ‘பூட்டு’ என்றே சொல்வார்கள்.

பூட்டின் கையில் ஒரு தாள் இருந்தது. மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எல்லாக் கணினிகளையும் வைரஸிலிருந்து காப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு சர்வர் உண்டு. அந்தக் காவல் மென்பொருளிலேயே ஓட்டை விழுந்திருந்தது. கட்டடத்துக்குள் இருக்கும் எந்தக் கணினியிலிருந்தும் அதன் முகவரியைத் தட்டி, பின்னால் ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால் போதும். நீ யார் என்றுகூடக் கேட்காமல் கோப்பை எடுத்து நீட்டிவிடும். விற்ற கம்பெனி எச்சரித்து மெயில் அனுப்பியது. வாங்கியவர் என்ற இடத்தில் கிடங்கின் முகவரி இருந்ததால் கிடங்குக்கு வந்தது. மாப்பிள்ளை அதைப் பூட்டுக்கு அனுப்பினார். அங்கே அது மூன்று வாரம் படுத்துக் கிடந்தது.

காவல் சர்வரில் காவல் மட்டும் இருந்திருந்தால் தலை தப்பியிருக்கும். ஆய்வக ரிப்போர்ட்டுகளின் நகலை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, இந்தக் கட்டடத்திலேயே பத்திரமான இடம் இதுதான் என்று மார்தட்டி அங்கே கொண்டுபோய் வைத்தவர் பூட்டு. ஒவ்வொரு கோப்புக்கும் நோயாளியின் எண்ணையே பெயராக வைத்தவரும் அவர்தான்.

காலையில் ஓட்டையை அடைத்துவிட்டு, யாராவது எட்டிப் பார்த்தார்களா என்று சர்வரின் பதிவைப் புரட்டினார். ஒரே ஒரு வரி. கிடங்குக் கணினியிலிருந்து, ஒரே ஒரு கோப்பு. அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

“மெயில்ல சொன்ன மாதிரி என் நம்பரச் சும்மா போட்டுப் பாத்தேன்,” என்றார் மாப்பிள்ளை. “எப்படியும் பாஸ்வேர்டு கேக்கும், உங்களக் கிண்டல் பண்ணலாம்னு. கேக்கல.”

குடல்புண் என்றுதான் மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் உண்மையைச் சொன்னபோது அறையில் இருந்தது பூட்டும் தங்கையும் மட்டும். வயிற்றில் தொடங்கிய புற்று ஈரலுக்குப் போயிருந்தது. மிஞ்சியது சில மாதங்கள். மகளின் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றாள் தங்கை. அன்றிலிருந்து வீட்டில் கலகலவென்று பேசினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

“தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனக்கிறா,” என்றார் மாப்பிள்ளை.

பூட்டு பார்வையை அலமாரிகளின் பக்கம் திருப்பினார். தட்டுக்குத் தட்டு புதிதாக அட்டை ஒட்டியிருந்தது. எங்கே என்ன இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும் என்று பெரிய பெரிய எழுத்தில். இத்தனை வருடமும் அவையெல்லாம் மாப்பிள்ளையின் தலைக்குள் மட்டுமே இருந்தவை.

“எப்படி மாப்ள சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க?”

“அவ அவ்வளவு நல்லா நடிக்கிறப்ப நான் மட்டும் சொதப்பலாமா? மாத்திரையக் குடுத்துட்டு, இன்னும் ரெண்டு வாரத்துல புண்ணு ஆறிடும்ங்கிறா. எரிச்சல் கொறஞ்ச மாதிரிதான் இருக்குன்னு நானும் சொல்லுவேன். அப்ப அவ மொகத்தப் பாக்கணும் நீங்க.”

வெளியே ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

“அது என்ன தாளு?”

“டைரக்டருக்கு ரிப்போர்ட். அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். யாரோட கோப்பத் தெறந்திருக்காங்களோ, அவங்க வீட்டுக்கு லெட்டர் போகும். எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தக் கம்ப்யூட்டர், எல்லாம் போட்டு.”

“யாரு பேருக்கு?”

“நோயாளி அட்டையில வீட்டாள்னு யாரப் போட்டிருக்கோமோ அவங்களுக்கு. தங்கச்சிக்குத்தான்.”

அந்த விதியை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். போன வருடம் பதிவில் ஒரு வரியை அழித்த ஆளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியதும் அவர்தான். அந்த ஆள் வாசலில் நின்று கும்பிட்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கிடங்குக் கம்ப்யூட்டர்னு பாத்தாலே அவளுக்குப் புரிஞ்சிடும்,” என்றார் மாப்பிள்ளை.

“ம்.”

“பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்தான் மச்சான். நான் ஒண்ணும் தெரியாம நிம்மதியா இருக்கேன்ங்கிற அந்த ஒரு நெனப்புலதான் அவ ஓடிக்கிட்டிருக்கா. அதையும் புடுங்கிட்டா அப்படியே உக்காந்துடுவா.” அவர் கை நீண்டு வந்து தாளின்மேல் அமர்ந்தது. மோதிரம் விரலில் தொளதொளவென்று சுழன்றது. “கல்யாணத்தப்பகூட உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க மச்சான்.”