நாலு எழுத்துக்கு இடம்

"தமிழை எடும் பிள்ளை, எல்லாம் சரியா வரும்" என்று நவரட்ணராஜா சொன்னபோது யோகமலருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. மனிதர் அதைச் சோற்றில் கல்லை எடு என்பதுபோலச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அவருடைய எலக்ட்ரொனிக்ஸ் நிறுவனம் இருந்தது. யோகமலர் பேராதனை யுனிவர்சிட்டியில் படித்துவிட்டு அங்கே எஞ்சினியராகச் சேர்ந்தவள். மேசைமேல் கிடந்தது ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்காக அவள் செய்த மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி. மழை அளவு மிஞ்சினால் உள்ளே இருக்கும் சின்னக் கணினி சைரனை ஊதும். முகப்பில் இருக்கும் எல்.சி.டி. திரையில் எழுத்து வரும். பெட்டி வைக்கவிருந்த மலைச்சரிவுக்கு நேர் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் அவளுடைய அம்மா இருந்தாள்.

அந்தத் திரைக்குப் பிறவியிலேயே தெரிந்தது இங்கிலீஷ் மட்டும். வேறு பாஷை வேண்டுமென்றால் எழுத்தை நாமே புள்ளி புள்ளியாக வரைந்து கொடுக்க வேண்டும். அதற்கும் எட்டே எட்டு இடம்தான். ஓடுங்கள் என்பதைச் சிங்களத்தில் 'துவன்ன' என்று எழுத நாலு இடம் போயிற்று. மிச்சம் நாலில் 'ஓடுங்க' அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. 'ஓடுங்கள்' என்று போடுவதே மரியாதை என்றார் நவரட்ணராஜா. அந்த 'ள்'ளுக்கு இடமில்லை சேர் என்றாள் இவள். மலை இடிந்து தலையில் விழும் நேரத்தில் இலக்கணம் பார்க்கிற ஆளிடம் வேறு என்ன பேசுவது.

தமிழைப் போட்ட அன்றைக்கேதான் சைரனையும் பூட்டினாள். சோதித்துப் பார்க்க விசையை அழுத்தியதும் சைரன் அலறியது. திரையில் எழுத்துகள் மங்கின, தெளிந்தன, பேய் பிடித்ததுபோல ஆடின. அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் கீழே கடைகளின் ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஆமிக்காரர்கள் மாடியேறி வந்தார்கள். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். பெயரைக் கேட்டார்கள், ஐடென்டிட்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பற்றரியையும் வயர்களையும் துவக்கு நுனியால் கிளறினார்கள். இனிச் சைரன் சத்தம் கேட்டால் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

சைரனைக் கழற்றி வைத்தார் நவரட்ணராஜா. அடுத்த நாள் தமிழையும் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். விசையை அழுத்தினாள். 'துவன்ன' ஆடாமல் அசையாமல் நின்றது.

"பாத்தீரே? தமிழ் வந்துது, ஆட்டமும் வந்துது" என்றார்.

அவளுக்குக் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. ஒரு கணம் அவளும் அதை நம்பிவிட்டாள். தான் வரைந்த எழுத்துதான் கோணலோ, அதைத் திரைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பித் தொலைக்கிறோமோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள். எது பழுதானாலும் முதலில் நம்மைத்தான் பார்ப்பார்கள் என்பது பழகிப்போய், கடைசியில் நாமே நம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டோமே என்று பல்லைக் கடித்தாள்.

கடித்த பல்லோடு தமிழைத் திரும்பப் போட்டாள். சைரன் இல்லாமலே அழுத்தினாள். மேல் வரியில் 'துவன்ன', கீழ் வரியில் 'ஓடுங்க'. இரண்டும் நட்ட கல்போல நின்றன. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பனை பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்து மனிதருக்கு அந்தக் கதை தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சைரனை ஊத முடியாது. ஆனால் சைரன் இழுக்கிற கறண்டை வேறொன்று இழுக்கலாம். ஒரு மோட்டார் சைக்கிள் ஹெட்லைட் பல்பை அதன் இடத்தில் பூட்டி அழுத்தினாள். பல்பு பளீரென்று எரிந்தது, எழுத்துகள் ஆடின. தமிழும் ஆடியது, சிங்களமும் ஆடியது. வயரைத் தடவிக்கொண்டே போனாள். சைரனுக்குப் போன கறண்ட் எல்லாம் பற்றரிக்குத் திரும்பும்போது, திரைக்கு அவள் கொடுத்திருந்த மெல்லிய கறுப்பு வயர் வழியாகத்தான் திரும்பியது. பாரம் தாங்காமல் திரை தள்ளாடியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவம் தான் செய்த வயரிங் என்பதையும் அவள் ஒப்புக்கொண்டாள். சைரனுக்குத் தடித்த வயர் ஒன்றைத் தனியாக நேரே பற்றரிக்கு இழுத்தாள். அப்புறம் பல்பு எரிய எரிய இரண்டு வரியும் தெளிவாக நின்றன.

நவரட்ணராஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தமிழோடும் தமிழில்லாமலும் அழுத்திக் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கெட்டிக்காரி என்றும் சொன்னார்.

"எண்டாலும் தமிழ் வேண்டாம். வயர், பற்றரி, சைரன், அதுக்கு மேல தமிழ் எழுத்து. செக்பொயின்ற்றில பாத்தாங்கள் எண்டா எங்கட கதை முடிஞ்சுது. சைரன் இருக்குத்தானே. அதுகள் என்ன, வாசிச்சுப் பாத்தே ஓடப் போகுதுகள்?"

அதுகள். அந்த அதுகளில் ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் இவளைப் பேராதனை வரை அனுப்பியிருந்தாள். யோகமலரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சைரன் ஊதுனப்ப நீங்க எங்க போனீங்க சேர்?"

அவர் குண்டுவீச்சைப் பார்த்த மனிதர். சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழே போயிருந்தார்.

"கீழ கடைக்காரங்க ஷட்டரப் போட்டுட்டு உள்ள போனாங்க. இந்த நாட்டுல சைரன்னா பொலிஸ், இல்லாட்டி ஆமி. எங்கம்மா கேட்டா லயத்துக்குள்ள போயி கதவச் சாத்திக்குவா. லயத்துல இருக்கிற அத்தன பேரும் சாத்திக்குவாங்க. வெளிய ஓடணும்னு அவங்களுக்கு யாரு சொல்றது? வாசிக்கிற ஒரு புள்ள இருந்தாப் போதும் சேர், லயம் பூரா கத்திச் சொல்லிடும்."

நவரட்ணராஜா கதிரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் சைரனைத் திரும்ப அதன் இடத்தில் பூட்டி, பெட்டியின் மூடியைப் போட்டு ஆணிகளை முறுக்கினாள். நாளைக்கு இதைத் தானே ஹுன்னஸ்கிரியவுக்குக் கொண்டு போவதாகச் சொன்னாள்.

"செக்பொயின்ற்றில என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?"

"மேல உங்க பாஷையில என்ன எழுதியிருக்கோ, அதேதான் கீழ எங்க பாஷையிலயும் எழுதியிருக்குன்னு சொல்லுவேன்."